பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமுஆ முடிந்து ஜனங்களெல்லாம் கலைந்த பிறகு, ஒரு சகோதரர் நம்மிடம் வந்து அமர்ந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். வேன் ஓட்டிப் பிழைப்பவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு தம் கதையைச் சொன்னார்.

ஒரு நிக்காஹ் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். முதல்நாள் பகலெல்லாம் வேறு சவாரி. இரவு விருந்து முடிந்து, "விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்" என்று வீட்டார் அவசரப்படுத்தியதால், கண்ணை மூடாமலே வண்டியைத் திருப்பியிருக்கிறார். ஊருக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும்போது, ஸுபுஹு நேரத்தில், ஒரு கணம் கண் செருகிவிட்டது. சைக்கிளில் பால் கொண்டுபோன ஒரு பெரியவர் அந்த ஒரு கணத்தில் மரணமடைந்துவிட்டார். அவர் முஸ்லிம் அல்ல.

வழக்கு நடந்து முடிந்தது. இன்சூரன்ஸ் மூலம் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடும் கிடைத்துவிட்டது. இவர் நேரில் போய் நின்றபோது, இறந்தவரின் மகன், "போகட்டும் பாய், வேண்டுமென்றா செய்தீர்கள்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊராரும், "அவருடைய அஜல் அவ்வளவுதான், நீ என்ன செய்வாய்?" என்று தேற்றினார்கள். எல்லாம் சொல்லிவிட்டு அந்தச் சகோதரர் கேட்டார்: "எல்லாரும் என்னை விட்டுவிட்டார்கள் ஹஜ்ரத். அல்லாஹ் விட்டுவிட்டானா என்பதுதான் தெரியவில்லை."

அவருக்கு நாம் சொன்ன பதிலைப் பின்னால் எழுதுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் அவரைத் தவிர இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் நிம்மதியாக உறங்குகிறார்களே என்ற எண்ணம்தான் முதலில் நம்மை வாட்டியது.

2023ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், ஆறு கடலோடு கலக்கும் தூவல் தீரம் என்னுமிடத்தில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு சுற்று" என்று கேட்டிருக்கக் கூடிய குழந்தைகளின் ஜனாஸாக்களை மறுநாள் வரிசையாக வைத்துத் தொழ வைத்தார்கள். அந்தப் படகு, மீன்பிடிப் படகாயிருந்ததை மாற்றிச் செய்த மாடிப் படகு என்றும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தது என்றும், இருட்டத் தொடங்கிய பிறகும் ஓட்டப்பட்டது என்றும் செய்திகள் வந்தன.

தண்ணீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதின் கூலியைப் பெறுவார் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இந்த உலகத்தில் இல்லை. ஆனால் சகோதரர்களே, இந்த ஆறுதல் மூழ்கியவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் உரியது. மூழ்கடித்தவர் இதைத் தமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கொல்லப்பட்டவர் சுவனம் போகிறார் என்பதனால் கொன்றவரின் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? கைநிறையக் காசு வாங்கிக்கொண்டு படகு நிறைய ஆளை ஏற்றிவிட்டு, கவிழ்ந்த பின், "எல்லாம் கழா கத்ர்" என்று தோளைத் துடைத்துக்கொள்வது, அல்லாஹ்வின் மீதே பழியைப் போடுவதாகும். அல்லாஹ் நம்மைக் காப்பானாக!

கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்ரை எப்படி நம்ப வேண்டும் என்பதை ஸஹாபாக்களிடமல்லவா கற்க வேண்டும்? ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே புறப்பட்டுப் போன கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்தோடு படையைத் திருப்பினார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் மறுமொழி சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறட்டு நிலம். ஒட்டகங்களை எந்தப் பக்கம் மேய்த்தாலும் கத்ர்தானே என்று உதாரணமும் காட்டினார்கள். படகு நிரம்பிவிட்டது என்று தெரிந்து அடுத்த படகுக்காகக் கரையில் நிற்பதும் கத்ர்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஸஹாபிக்குச் சொன்ன செய்தியை நம்மில் பயான் கேட்காதவர்கள்கூட அறிவார்கள். கட்டாத ஒட்டகத்துக்குத்தான் நம்மிடம் தவக்குல் அதிகம்!

கப்பல் பயணத்துக்கு முன்மாதிரி நூஹ் (அலை) அவர்கள். அவர்கள் கப்பலில் ஏறும்போது பிஸ்மி சொல்லி ஏறச் சொன்னதைத் திருமறை கூறுகிறது. அதே கப்பலைப் பற்றி இன்னோரிடத்தில் கூறும்போது, பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்று வர்ணிக்கிறது. அல்லாஹ் நாடினால் அந்த வெள்ளத்தின் மீது அவர்களை நடக்கவைத்தே காப்பாற்றியிருக்க மாட்டானா? பலகையை அறுத்து, ஆணியை அடித்து, வஹீயின் வழிகாட்டலில் சரியாகக் கட்டி முடித்த பிறகுதான் பிஸ்மி. நம்மவர்களோ பலகையைப் பார்ப்பதில்லை, பிஸ்மியோடு சரி. சிலர் அதையும் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் என்ற நூலில் ஒரு ஹதீஸ் வருகிறது. தடுப்புச் சுவர் இல்லாத மாடியின் மேல் படுத்துறங்கி விழுந்து இறப்பவரும், கொந்தளிக்கும் வேளையில் கடலில் பயணம் போய் இறப்பவரும், தமக்குரிய பாதுகாப்புப் பொறுப்பைத் தாமே இழந்துவிட்டார்கள் என்ற கருத்துடைய ஹதீஸ் அது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்று பேசிய மார்க்கம் நம்முடையது! அந்த மார்க்கத்துக்காரர்கள் உயிர்காப்புச் சட்டையை "வியர்க்கிறது" என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் போகிறோம். மடியில் வைத்த சட்டை யாரையும் மிதக்க வைத்ததில்லை. படகு கவிழ்வதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் வார்ப்பூட்டைத் தேடி மாட்ட எவராலும் முடியாது. கரையை விட்டு நீங்குமுன்பே போட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவில்.

படகு ஏன் கவிழ்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். பாரம் கீழே இருக்கும்வரை படகு சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். ஜனங்கள் மாடியில் கூடக் கூட பாரம் மேலே போகிறது, சாய்ந்தால் நிமிராது. அந்த நேரத்தில் எல்லாரும் ஒரு பக்கம் நகர்ந்தால் தீர்ந்தது. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் வந்த காட்டு விலங்குகளைக் காண ஜனங்கள் ஒரே பக்கம் போனார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. அவர்கள் மீது பழி சொல்லவில்லை. பார்க்கத்தான் போனார்கள், அப்படிப் பார்ப்பார்கள் என்பதை முன்பே எண்ணிப் படகைக் கட்டியிருக்க வேண்டியவர்களும், உட்காருங்கள் என்று கண்டித்திருக்க வேண்டியவர்களும் வேறு. அதே கேரளத்தில் 2002 ஜூலை 27 அன்று முஹம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். பலர் அரசு வேலைக்கான பரீட்சை எழுதப் போனவர்கள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவன் படகில் தலையெண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டியது படகை நடத்துகிறவர்களின் வேலை. நம் பழவேற்காட்டு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறை கழிக்க வந்த 22 பேர் போனதும் மீன்பிடிப் படகில்தான்.

இலங்கையின் கிழக்குக் கரையில், ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைப் "படகுப் பாதை" என்றே சொல்வார்கள். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா, நம் சகோதரர்கள் நிறைந்து வாழும் ஊர். அங்கே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஜனங்கள் அப்படியொரு தற்காலிகப் பாதையில்தான் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் மௌத்தானார்கள், அவர்களில் நால்வர் சிறுவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்ததா? "ஏறாதே" என்று அவர்களிடம் நாம் உபதேசம் செய்ய முடியுமா? பாலத்தை முடிக்க வேண்டியவர்கள், முடியும்வரை பத்திரமான படகு கொடுக்க வேண்டியவர்கள் என்று பொறுப்பு மேலே மேலே போகிறது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், ஒவ்வொருவரும் தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்துள்ள ஹதீஸில் ஆட்சியாளரைத்தான் முதலில் குறிப்பிட்டார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள்.

ஆனால் பயணிக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் பதிவான கப்பல் உவமையைப் பாருங்கள். ஒரு கப்பலில் சீட்டுப் போட்டு, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம்பிடித்தார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி ஏறிப் போக வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று எண்ணினார்கள். அவர்களை மேலே உள்ளவர்கள் விட்டுவிட்டால் இருசாராரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் இருசாராரும் பிழைப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இதை நாம் எத்தனையோ மேடைகளில் நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதற்கு உவமையாகச் சொல்லியிருக்கிறோம். அது உவமைதான், ஆயினும் நிஜமான படகில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. துளை போட நினைத்தவர்களின் எண்ணமும் கெட்டதல்ல, பிறருக்குத் தொந்தரவு கூடாதென்றே நினைத்தார்கள். "இன்னும் நாலு பேர்தானே, பாவம், குழந்தையோடு நிற்கிறார்கள்" என்று ஏற்றிக்கொள்கிறவரின் எண்ணமும் கெட்டதல்ல. அப்போது, "போதும், இனி ஏற்றாதே, ஏற்றினால் நாங்கள் இறங்கிக்கொள்கிறோம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கொடுத்த காசு போனாலும் போகட்டும் என்று இறங்கிவிடுகிற ஓர் ஆள்.

தண்ணீரில் போகிறவர்கள் நம்மில் சிலர். தரையில் போகாதவர் யார்? மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். மணிக்குப் பத்தொன்பது பேர். ஒரு ஜுமுஆவுக்குப் பாங்கு சொன்னதிலிருந்து தொழுது முடித்து வெளியே வருவதற்குள் அத்தனை பேர்! அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் மட்டும் 50,029.

தொப்பி அணிந்திருக்கிறேன், அதன் மேல் தலைக்கவசம் எப்படி என்று கேட்கும் வாலிபர்களைப் பார்த்திருக்கிறோம். தொப்பியைச் சட்டைப்பையில் வையுங்கள் தம்பி. பள்ளிவாசலுக்கு வந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தொழுகைக்கு வரும் அவசரம் என்பார்கள் சிலர். இகாமத் சொல்லக் கேட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற கருத்தில் நமக்குக் கட்டளை வந்திருக்கிறது. கால்நடையாக ஓடுவதற்கே அனுமதியில்லாத இடத்துக்கு, மோட்டார் சைக்கிளில் சந்து பொந்தெல்லாம் பறந்து வருகிறோம். ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து திரும்பும்போது, பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் சப்தம் கேட்டு, சாட்டையால் சைகை காட்டி, நிதானம் நிதானம் என்று தடுத்து, விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என உணர்த்தினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஹஜ்ஜுடைய வேகத்துக்கே அந்த நிலை என்றால், கடைத்தெருவுக்குப் போகும் வேகத்துக்கு என்ன நிலை?

ரமளான் இரவுகளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. தராவீஹ் முடிந்ததும் ஒரு வண்டியில் மூன்று பிள்ளைகள், மீசை முளைக்காத பையன் முன்னால். பெருநாள் பிறை பார்த்த இரவில் கேட்கவே வேண்டாம். சாவியைக் கொடுத்தது யார்? வாப்பாதான். கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான் என்பார். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், அவனைப் பாதுகாப்பவரையோ வண்டிக்குச் சொந்தக்காரரையோ குற்றவாளியாகக் கொண்டு, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும்வரை லைசென்ஸ் இல்லை. இதைப் படித்தபோது, பிள்ளை ஓர் அமானத் என்று நாம் ஆயிரம் தடவை சொன்னது இந்த ஒரு பிரிவுக்கு ஈடாகவில்லையே என்று தோன்றியது.

நம் ஃபிக்ஹு நூல்களில் பாதை பற்றிய சட்டங்கள் தனிப் பகுதியாகவே உள்ளன. மத்ரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். பொதுப்பாதையில் போக எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது என்ற நிபந்தனையோடு அந்த உரிமை கட்டப்பட்டிருக்கிறது என்று ஃபுகஹாக்கள் எழுதுகிறார்கள். பாதையில் ஒருவர் கிணறு தோண்டி அதில் இன்னொருவர் விழுந்தால், தண்ணீரைக் கொட்டி ஒருவர் வழுக்கி விழுந்தால், யார் பொறுப்பு என்றெல்லாம் நுணுக்கமாகப் பேசுகிறார்கள். சவாரி செய்யும் மிருகம் நடக்கும்போது எதையேனும் மிதித்துவிட்டால் ஏறியவர் பொறுப்பு. பின்காலால் உதைத்தால் பொறுப்பில்லை. அதை அவரால் தடுக்க இயலாது. ஆனால் அதே மிருகத்தைப் பாதையில் நிறுத்திவைத்து, நிற்கும்போது அது உதைத்துவிட்டால் பொறுப்பு அவரைச் சேரும்! பாதை நிறுத்துவதற்கான இடமல்லவே. முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸில், பயணத்தில் இரவு தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கும்படி கட்டளை இருக்கிறது. இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் பாதி உடம்பு சாலையில் இருக்க, பின்விளக்கும் இல்லாமல் லாரியை நிறுத்திவிட்டு உறங்குகிறவர்களுக்கு இதற்குமேல் என்ன பத்வா வேண்டும்?

ஒட்டகத்துக்குச் சொன்னது மோட்டாருக்குப் பொருந்துமா என்று வாதிப்பவர்களும் உண்டு. 1993 ஜூன் மாதம் புருனை நாட்டின் தலைநகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஆலிம்கள் இந்த விஷயத்தை எடுத்துத் தீர்மானமே செய்திருக்கிறார்கள். மார்க்கத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது ஷரீஅத்தின்படியே கடமை என்றும், வாகனத்தால் பிறர் உயிருக்கும் உடைமைக்கும் நேரும் சேதத்துக்கு ஓட்டுபவர் பொறுப்பாவார் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தவிர்க்க முடியாத இயற்கை நிகழ்ச்சி, அடிபட்டவரே காரணமாயிருப்பது, மூன்றாமவரின் குற்றம் ஆகியவற்றுக்கே விலக்கு. ஆகவே சிவப்பு விளக்கைத் தாண்டுவது போலீஸ்காரருக்கும் நமக்கும் உள்ள விவகாரம் மட்டுமல்ல.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் ஆயத்து, தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டவருக்கு இரண்டு கடமைகளை விதிக்கிறது. ஒன்று, இறந்தவரின் வாரிசுகளுக்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகை. அதை அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். மற்றொன்று கஃப்பாரா. ஓர் அடிமையை விடுதலை செய்வது. அதற்கு வழியில்லாதவர் இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பு நோற்பது. அடிமை முறை இல்லாத இக்காலத்தில் நோன்புதான் வழி. தியத் மனிதனின் ஹக்கு, மனிதன் மன்னிக்கலாம். கஃப்பாரா அல்லாஹ்வின் ஹக்கு. அந்த மகன் எவ்வளவு பெரிய மனதோடு மன்னித்தாலும் அது இவர் கழுத்தை விட்டு இறங்காது. கோர்ட்டு விட்டாலும் இறங்காது.

"இறந்தவர் நம்மவர் இல்லையே, அவருக்கும் உண்டா?" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டார். நம்மோடு உடன்படிக்கையில் உள்ள சமூகத்தாரைச் சேர்ந்தவர் என்றால் அவருக்கும் தியத், கஃப்பாரா இரண்டையும் அதே ஆயத்து தெளிவாகச் சொல்கிறது. இந்த நாட்டில் ஒரே சட்டத்தின் கீழ், ஒருவருக்கொருவர் அபயமளித்து வாழ்கிறோம். ஒரே தெருவில் அவர் பால் ஊற்ற, நாம் வாங்குகிறோம். இதைவிட என்ன உடன்படிக்கை வேண்டும்?

நோன்பு வைக்க முடியாதவர் அறுபது ஏழைகளுக்கு உணவளித்தால் போதுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ளிஹாருடைய கஃப்பாராவில் அது சொல்லப்பட்டிருக்கிறது. கொலையின் ஆயத்தில் சொல்லப்படவில்லை. எனவே அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல்நலம் இல்லாதவர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். தாமே நேரடியாகக் கொல்லாமல், படகை மிதமிஞ்சி நிரப்பியவர் போல, காரணமாக மட்டும் இருந்தவருக்குக் கஃப்பாரா உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈயில் உண்டு. ஹனஃபியில் தியத் மட்டுமே. ஆனால் பாவமே இல்லை என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்ட அந்தச் சகோதரர் அழுதார். நாம் பயந்துபோனோம், அதிகம் சொல்லிவிட்டோமோ என்று. பிறகுதான் தெரிந்தது, அது நிம்மதியின் அழுகை. "இதைச் செய்தால் முடியும் என்று ஒன்று இருக்கிறதே ஹஜ்ரத், இதுவரை யாரும் சொல்லவில்லையே" என்றார். அந்த வார்த்தை நம்மைச் சுட்டது. நம்முடைய மிம்பர்களிலிருந்து இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? விபத்து என்றவுடன் வக்கீலையும் இன்சூரன்ஸ் ஏஜெண்டையும் பார்க்கப் போகிறார்கள். கஃப்பாரா என்ற சொல்லே பலர் காதில் விழுந்ததில்லை.

அவருக்கு இன்னொன்றையும் நாம் கேட்கத் தோன்றியது. அடிபட்ட உடன் என்ன செய்தீர்கள்? வண்டியை நிறுத்தி, பெரியவரைத் தாமே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வழியில் உயிர் பிரிந்துவிட்டது. ஜனங்கள் அடிப்பார்களே என்று ஓடிப்போகிறவர்கள் பலர். அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநருக்குச் சட்டமும் விதித்த கடமை. வழிப்போக்கர்கள் "நமக்கேன் வம்பு, போலீஸ் கேஸ்" என்று ஒதுங்கவும் இனிக் காரணமில்லை. நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134ஏ பிரிவே சேர்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று ஏற்பாடு. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற திருமறையின் போதனையை வைத்திருக்கும் நாம், சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கும் கூட்டத்தில் இருக்கலாமா?

அந்தக் கல்யாண வீட்டாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்கள் மீது வழக்கும் இல்லை. ஆனால் முதல்நாள் பகலெல்லாம் வண்டியோட்டியவர் என்று தெரிந்தும், அவருக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுத்து இரண்டு மணி நேரம் படுக்கச் சொல்லாமல் விரட்டியது யார்? விருந்தாளிகளுக்கெல்லாம் பிரியாணி பரிமாறினார்கள், டிரைவருக்கும் வயிறு நிறையக் கொடுத்திருப்பார்கள். அதுவே தூக்கத்தை இன்னும் இழுக்கும். வேலைக்காரர் மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது, ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பதல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி? உறக்கத்தில் கைகொடுக்க முடியாது. உறங்க விடத்தான் முடியும். கந்தூரிக்கும் ஜியாரத்துக்கும் இஜ்திமாவுக்கும் இரவு முழுவதும் பஸ் அமர்த்திப் போகிற நம் ஜமாஅத்துகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அந்தச் சகோதரர் முஹர்ரம் முதல் பிறையில் நோன்பைத் தொடங்கினார். இடையில் பெருநாளோ ரமளானோ குறுக்கிட்டுத் தொடர்ச்சி முறியாமலிருக்க அந்த இரண்டு மாதங்களை நாம்தான் பார்த்துச் சொன்னோம். ஸஃபர் கடைசி வரை ஒரு நோன்பும் விடவில்லை. வேனும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இரவுச் சவாரி கேட்டு வருகிறவர்களிடம், இன்னொரு டிரைவருக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும், இல்லாவிட்டால் விடிந்த பிறகுதான் வண்டி எடுப்பேன் என்று சொல்லிவிடுகிறாராம். அதனால் நாலைந்து கல்யாண வாடகைகள் கைநழுவிப் போயிருக்கின்றன. அப்படி வேறு வண்டி பார்க்கப் போனவர்களில் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்களும் உண்டு.